பழைய ஜெனரேட்டருக்கு 12 வோல்ட் பிளக் தேடியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

எழுபதைத் தாண்டிய ஒருவர் தன் பழைய பெட்ரோல் ஜெனரேட்டருடன் உதவி கேட்டு வந்தார். இயந்திரத்தில் குறையில்லை. கயிற்றை மூன்று முறை இழுத்தால் ஓடுகிறது. 120 வோல்ட் ஏ.சி. பக்கத்தில் விளக்கும் மின்விசிறியும் ஒழுங்காக வேலை செய்கின்றன. அவருக்கு வேண்டியது வேறு. முகப்புப் பலகையின் வலது ஓரத்தில் ‘டி.சி. 12 வோல்ட், 8.3 ஆம்பியர்’ என்று பொறித்த சின்ன சாக்கெட் ஒன்று இருந்தது. அதற்குரிய ஒயர் எப்போதோ தொலைந்துவிட்டது. கையேடும் இல்லை.

“ஒரே ஒரு பிளக்தான் தம்பி. அது கிடைத்தால் மின்சாரம் போகும் நேரத்தில் செல்பேசியையும் ரேடியோவையும் நேராக இதிலேயே மாட்டிக்கொள்வேன்” என்றார்.

அரை நாள் வேலை என்று ஒப்புக்கொண்டேன். ஐந்து வாரம் ஆனது. அதில் பாதித் தாமதத்துக்கு நானே பொறுப்பு என்பதால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

முதல் நாள் பார்த்தவை

சாக்கெட்டில் இரண்டே துளைகள். ஒன்று நிற்கிறது, மற்றது படுத்திருக்கிறது. மண்ணிணைப்புத் துளை கிடையாது. சிறிய ஜெனரேட்டர்களின் டி.சி. பக்கத்தில் இந்த அமைப்பு பரவலாக உண்டு. காரணம் எளிது: ஒரு தகடு நின்று ஒரு தகடு படுத்திருந்தால் பிளக்கைத் திருப்பிச் செருக முடியாது. பேட்டரிக்குப் பிளஸ் மைனஸ் மாறக்கூடாது என்பதால் அந்த வேலையைத் தகடுகளின் கோணத்திடமே ஒப்படைத்திருக்கிறார்கள்.

படுத்த துளையின் விளிம்பு கறுத்திருந்தது. பிளக் இல்லாத காலத்தில் யாரோ வெற்றுச் செம்புக் கம்பியை உள்ளே விட்டு, நழுவாமலிருக்கத் தீக்குச்சியால் அடைத்திருக்கிறார்கள். குச்சியின் ஒடிந்த துண்டு ஒன்று இன்னும் உள்ளே இருந்தது. அதை ஊசியால் நெம்பி எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்தத் துண்டு சொன்ன செய்தியை அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும்.

துளைகளுக்குக் கீழே பிளஸ் குறி முக்கால்வாசி தேய்ந்திருந்தது. நின்ற துளைக்கு நேரே ஒரு கோடும் அரைக் கோடும் தெரிந்தன. அதைப் பிளஸ் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு இயந்திரத்தை ஓடவிட்டு மல்டிமீட்டரை டி.சி. அளவில் வைத்துத் துளைகளில் தொட்டேன். 22 வோல்ட். பெரியவர் முகம் வாடிவிட்டது. 12 என்று எழுதிய இடத்தில் 22 வந்தால் இயந்திரம் கெட்டுவிட்டது என்றுதானே தோன்றும்?

கெடவில்லை. இந்த வகை இயந்திரங்களில் டி.சி.க்கென ஆல்டர்னேட்டரில் தனி வைண்டிங், அதாவது கம்பிச் சுருள், இருக்கும். அதிலிருந்து வருவதை டையோடுகள் ஒரே திசைக்குத் திருப்பி அனுப்புகின்றன. அவ்வளவுதான். மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும் சுற்று எதுவும் கிடையாது. சுமை இல்லாதபோது, அதாவது எதையும் மாட்டாதபோது, 15 முதல் 30 வோல்ட் வரை காட்டுவது இயல்பு. பேட்டரியை இணைத்தவுடன் பேட்டரியே அதை 12, 13 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த 12 என்ற எண், 12 வோல்ட் பேட்டரியை இதில் சார்ஜ் செய்யலாம் என்பதற்கு மேல் எதையும் வாக்களிக்கவில்லை.

மீட்டர் காட்டும் 22 என்பதுகூடச் சராசரிதான். டையோடு வழியாக வருவது மேடுபள்ளமான அலை. அதைச் சைன் அலை என்று எடுத்துக்கொண்டால் மேட்டின் உச்சி ஏறத்தாழ 34 வோல்ட். செல்பேசி சார்ஜரின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் அந்த உச்சியைத்தான் தேக்கி வைத்துக்கொள்ளும்.

முதல் முடிவு: நடுவில் பேட்டரி

ஆகவே செல்பேசியையும் ரேடியோவையும் நேராக மாட்டும் எண்ணத்தை முதலில் கைவிடச் சொன்னேன். ஜெனரேட்டர் பேட்டரியை நிரப்பட்டும், பேட்டரி மற்றவற்றை ஓட்டட்டும். பெரியவரிடம் 40 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்று ஏற்கெனவே இருந்தது. லித்தியம் பேட்டரியாக இருந்திருந்தால் இந்தச் சாக்கெட்டின் பக்கமே போகவேண்டாம் என்றிருப்பேன். கட்டுப்பாடில்லாத மின்னழுத்தத்தை அதற்குக் கொடுக்கக்கூடாது.

என்ஜின் வேகத்தைக் குறைத்து 22 வோல்ட்டை 14 ஆக்க முடியாதா என்று பெரியவர் கேட்டார். புத்திசாலித்தனமான கேள்வி. ஆனால் ஏ.சி.யும் டி.சி.யும் ஒரே சுழலியிலிருந்துதான் பிறக்கின்றன. இந்த இயந்திரம் நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடினால்தான் ஏ.சி. பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் வரும். வேகத்தைத் திருகிக் குறைத்தால் மின்னழுத்தத்தோடு அதிர்வெண்ணும் விழும், மோட்டார்கள் சூடேறும். என்ஜின் வேகத்தை நிர்ணயிக்கும் கவர்னர் திருகில் கை வைக்கவில்லை.

பேரன் கொண்டுவந்த பிளக்

மறுநாள் பெரியவரின் பேரன், கல்லூரி மாணவன், முகமெல்லாம் மலர ஒரு பிளக்கைக் கொண்டுவந்தான். வட அமெரிக்காவில் 20 ஆம்பியர் ஏ.சி. இணைப்புக்குப் பயன்படும் மூன்று முனைப் பிளக் அது. அதிலும் ஒரு தகடு நிற்கும், ஒரு தகடு படுத்திருக்கும். உருண்டையான மண்ணிணைப்பு முனையை அவன் ரம்பத்தால் அறுத்து, வெட்டிய இடத்தை அரத்தால் வழவழப்பாக்கியிருந்தான். டி.சி. சாக்கெட்டில் வைத்து அழுத்தினான். கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் போய்விட்டது.

“பார்த்தீர்களா? ஒரு ராத்திரி வேலை” என்றான்.

நானும் ஒரு நிமிடம் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு அந்தப் பிளக்கை உருவி, நான்கு விரல்கடை தள்ளியிருந்த ஏ.சி. சாக்கெட்டில் வைத்தேன். எந்த இறுக்கமும் இல்லாமல் வெண்ணெயில் இறங்கும் கத்திபோல உள்ளே போனது. 20 ஆம்பியர் ஏ.சி. சாக்கெட்டில் இடதுபக்கத் துளை, நின்ற தகட்டையும் படுத்த தகட்டையும் சேர்த்து ஏற்கும்படி வெட்டப்பட்டிருக்கும். இயந்திரம் அப்போது நின்றிருந்தது.

இனி அந்த ஒயரின் மறுமுனையை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே இருப்பது இரண்டு பேட்டரி கிளிப்கள். உறையில்லாத உலோகப் பற்கள். இருட்டில், மழையில், அவசரத்தில் ஒருவர் பிளக்கைப் பக்கத்துத் துளையில் செருகிவிட்டால் அவர் கையிலிருக்கும் கிளிப்பில் 120 வோல்ட் நிற்கும். பேட்டரியில் மாட்டியிருந்தால் அமிலத்தோடு வெடிக்கவும் கூடும். பேரன் வாயடைத்துப் போனான். அவன் மேல் தவறில்லை. ‘இந்தத் துளையில் எது போகும்’ என்றுதான் எங்கள் எல்லோர் தலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. ‘இந்தப் பிளக் வேறு எதிலெல்லாம் போகும்’ என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிளக்கை வாங்கி என் கருவிப் பெட்டியில் போட்டுவிட்டு, தயாரிப்பாளரின் அசல் சார்ஜிங் ஒயரையே தேடுவது என்று முடிவெடுத்தேன். வேறு வழிகளையும் பார்க்காமலில்லை. ஆஸ்திரேலியாவில் தாழ்மின்னழுத்தத்துக்கென்றே நின்ற-படுத்த தகடுகளுடன் ஒரு பிளக் உண்டு; 32 வோல்ட், 15 ஆம்பியர் வகை. கையில் எடுத்து இந்தத் துளையோடு ஒப்பிட வழியில்லாததால் அதை விட்டேன். தொழிற்சாலைகளில் காணும் வட்டவடிவத் தாழ்மின்னழுத்தப் பிளக்குகளில் ஊதா 20 முதல் 25 வோல்ட்டுக்கு, வெள்ளை 40 முதல் 50 வோல்ட்டுக்கு. இரண்டும் நமக்கு ஆகாது.

அசல் ஒயர் வந்தது

இயந்திரத்தின் வகை எண்ணை வைத்து உதிரிபாகப் பட்டியலைத் தேடியபோது, அந்த வகைக்கான ஒயர் நிறுத்தப்பட்டுவிட்டது தெரிந்தது. ஆனால் அதற்குப் பின் வந்த வகைகளின் படத்தில் அதே சாக்கெட், அதே பாக எண். அவற்றின் ஒயர் இன்னும் கிடைத்தது. இந்தத் தேடலில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான்: இயந்திரத்தின் பெயரை வைத்து ஒயரைத் தேடுவதை விட்டு, சாக்கெட்டின் பாக எண்ணை வைத்துத் தேடினேன். ஒயர் வந்துசேர மூன்று வாரம் ஆயிற்று.

பிளக் சாக்கெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஏ.சி. சாக்கெட்டிலும் வைத்துப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. பேட்டரியில் மாட்டுவதற்கு முன் பழக்கத்தால் மீட்டரின் சிவப்பு முனையைச் சிவப்புக் கிளிப்பிலும் கறுப்பு முனையைக் கறுப்புக் கிளிப்பிலும் வைத்தேன். திரையில் 21.8. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு.

மைனஸ் 21.8.

முனைகளை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அந்தக் கோடு போகவில்லை. முதல் நாள் 22 என்று குறித்தேனே, அப்போது எந்த முனை எந்தத் துளையில் இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். நினைவில்லை. எண்ணை மட்டும் எழுதியிருந்தேன், குறியை எழுதவில்லை.

மீட்டரைப் பார்க்காமல் பேட்டரியை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சரியாக மாட்டும்போது டையோடுகள் கதவுபோல நின்று, பேட்டரியிலிருந்து மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பப் பாயாமல் தடுக்கின்றன. தலைகீழாக மாட்டினால் அதே கதவுகள் விரியத் திறந்துகொள்ளும். ஈய-அமில பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டக்கூடியது. மின்னோட்டம் மிஞ்சினால் டி.சி. பக்கத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புப் பொத்தான் முந்திக்கொண்டால் பிழைத்தோம்; டையோடு முந்தினால் புகை.

பலகையைக் கழற்றியபோது

நான்கு திருகுகளைக் கழற்றிப் பலகையைத் திருப்பியதும் கதை புரிந்தது. மற்ற இணைப்புகள் எல்லாம் தொழிற்சாலையில் நசுக்கிப் பொருத்தியவை; ஒரே அளவு, ஒரே பளபளப்பு. டி.சி. சாக்கெட்டின் இரண்டு ஒயர்கள் மட்டும் கையால் ஈயம் பற்றவைக்கப்பட்டு மிளகு அளவுக்கு உருண்டு திரண்டிருந்தன. யாரோ கழற்றி, மாற்றிப் பொருத்திவிட்டார்கள். பலகையின் உட்புறத்தில் தேயாமலிருந்த பிளஸ் குறி நின்ற துளைக்குப் பின்னாலேயே இருந்தது. முகப்பில் நான் படித்தது சரி. ஒயர்தான் இடம் மாறியிருந்தது.

பழைய ஈயத்தை உருக்கி எடுத்து, ஒயர்களை இடம் மாற்றி, இம்முறை நசுக்குமுனை போட்டுப் பொருத்தினேன். மீட்டரில் கோடு மறைந்தது. முகப்பில் பிளஸ் குறியைப் புதிதாக எழுதினேன்.

சரியான பிளக் சூடேறியது

அன்று மாலை முதல் சார்ஜிங். பெரியவர் ஜெனரேட்டரைத் திண்ணையில், திறந்த ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தார். அதை முற்றத்தின் கடைசிக்கு நகர்த்தச் சொன்னேன். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஜன்னல் வழியே போனால் உள்ளே படுத்திருப்பவருக்குத் தெரியாது.

முதலில் பிளக், பிறகு பேட்டரி கிளிப். கழற்றும்போது முதலில் கிளிப். பேட்டரி வாயிலிருந்து கசியும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது; அதனருகே தீப்பொறி பறக்காதபடி இயந்திரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டே இணைத்துவிடுவது இன்னும் நல்லது. அப்படியே செய்தோம்.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் 22 வோல்ட் 13.1க்கு இறங்கியது. 7 ஆம்பியர் ஓடியது. பெரியவர் கைகூப்பாத குறை. பத்து நிமிடம் கழித்துப் பிளக்கின் மேல் கை வைத்தேன். சட்டென்று எடுத்துவிட்டேன்.

மீட்டரை மில்லிவோல்ட் வரை பார்க்கும் நிலைக்குக் கொண்டுவந்து, பின்பக்க ஒயர் முனைக்கும் பிளக்கின் திருகுக்கும் நடுவே அளந்தேன். நின்ற தகட்டில் ஒன்றுமில்லாத அளவு. படுத்த தகட்டில் 0.9 வோல்ட். 7 ஆம்பியரோடு பெருக்கினால் 6.3 வாட், கட்டைவிரல் பருமனுள்ள பிளாஸ்டிக்குக்குள் ஒரு சின்ன பல்பு எரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். உடனே நிறுத்தினோம்.

டார்ச் அடித்துப் படுத்த துளைக்குள் பார்த்தபோது, பித்தளைப் பிடிப்பு வாய் பிளந்து கிடந்தது. தீக்குச்சி வேலை. கம்பியும் குச்சியுமாகத் திணித்ததில் பிடிப்பின் விறைப்பு போய், தளர்ந்த இடத்தில் பொறி பறந்து மேற்பரப்பு கரிந்திருந்தது. அந்தத் துளையில் எந்தப் பிளக் போனாலும், தயாரிப்பாளரே நேரில் வந்து செருகினாலும், சூடேறத்தான் செய்யும்.

இறுதித் தேர்வு

சாக்கெட் தனியாகக் கிடைத்தால் மாற்றிவிடலாம். பட்டியலில் பார்த்தால் முழு முகப்புப் பலகையோடுதான் வரும். ஆகவே பழைய சாக்கெட்டை எடுத்துவிட்டு வேறு வகை இணைப்பியைப் பொருத்துவது என்று பேசினோம்.

பேரன் காரில் இருக்கும் லைட்டர் சாக்கெட்டைச் சொன்னான். உள்விட்டம் சுமார் 21 மில்லிமீட்டர், எங்கும் கிடைக்கும். மோட்டார் சைக்கிள்களில் வரும் 12 மில்லிமீட்டர் சாக்கெட் அதைவிட இறுக்கமாகப் பிடிக்கும். இரண்டையும் மறுத்தேன். லைட்டர் சாக்கெட்டைக் கண்டவர் கை தானாகச் செல்பேசி சார்ஜரைத்தான் தேடும். 34 வோல்ட் உச்சி உள்ள இடத்தில் அந்த அழைப்பை மாட்டி வைக்கக்கூடாது.

தேர்ந்தெடுத்தது ஆண்டர்சன் வகை இரட்டை இணைப்பி, 50 ஆம்பியர். இரு பக்கமும் ஒரே உருவம். ஒன்றைத் திருப்பி மற்றொன்றில் செருக வேண்டும். பிளஸ் மைனஸ் மாறாது. உறையின் நிறத்துக்கு ஏற்ப உள்ளே பூட்டு வேறுபடும். மஞ்சள் மஞ்சளோடுதான் சேரும், 12 வோல்ட்டுக்கு மஞ்சள். பலரும் எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறத்தையே வாங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நிறப்பூட்டு இருந்தும் பயனில்லை. எந்த ஏ.சி. துளையிலும் இது நுழையாது என்பது எனக்குப் போதுமான காரணம்.

மூன்று வாரம் காத்து வாங்கிய ஒயரின் தலையை வெட்ட வேண்டியிருந்தது. பெரியவர் திரும்பிக்கொண்டார்.

கூடவே இரண்டு மாற்றங்கள். மீதி ஒயரையும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பாக மாற்றினேன். 3 மீட்டர் நீளத்துக்கு, 8 ஆம்பியரில், போகவர இழப்பு 0.33 வோல்ட். பேட்டரியின் பிளஸ் கிளிப்பிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் பியூஸ் வைத்தேன். ஜெனரேட்டரின் பொத்தான் தன் வைண்டிங்கைத்தான் காக்கும். நடுவில் ஒயர் நசுங்கினால் பேட்டரியின் பக்கத்திலிருந்து பாயும் மின்சாரத்தை அது அறியவே அறியாது.

விளைவு

மறுபடி 7 ஆம்பியர் ஓடவிட்டு அளந்தபோது இணைப்பியில் இழப்பு ஒரு முனைக்கு 0.02 வோல்ட்டுக்கும் குறைவு. அரை மணி கழித்தும் கைக்குக் குளிர்ந்தே இருந்தது. 12.0 வோல்ட்டில் தொடங்கிய பேட்டரி மூன்றரை மணியில் 14.4ஐத் தொட்டது. அங்கே நிறுத்தினோம், இந்த இயந்திரம் தானாக நிற்காது, பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும். இரவு முழுக்க ஓய்வுக்குப் பின் காலையில் 12.5 இருந்தது.

மூன்று மாதத்தில் பியூஸ் ஒருமுறை போனது. கிளிப்களில் ஒன்று பேட்டரியிலேயே இருக்க, மற்றதன் பிடி நழுவி அதன்மேல் விழுந்திருக்கிறது. பெரியவர் புதிய பியூஸ் போட்டுவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

சாக்கெட்டின் உள்வாயை முதல் நாளே டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் அசல் ஒயருக்காகக் காத்திருக்கவே வேண்டியதில்லை. கறுத்த விளிம்பும் குச்சித் துண்டும் கண்முன்னே இருந்தன. இனிப் பழைய சாக்கெட் எதுவானாலும், பிளக்கைத் தேடுவதற்கு முன் பிடிப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பேன்.

மீட்டரில் எண்ணை எழுதும்போது குறியையும், எந்த முனை எங்கே இருந்தது என்பதையும் எழுதுவேன். தேய்ந்த குறியை நம்பிய தவறும், தேயாத குறியை ஒயர் பொய்யாக்கியதும் ஒரே அளவீட்டில் தெரிந்திருக்கும்.

சுமை இல்லாமல் எடுத்த அளவு எதையும் முடிவாகக் கொள்ளமாட்டேன். 22 வோல்ட் என்று கம்பீரமாகக் காட்டிய அதே துளைதான் 7 ஆம்பியரில் வெந்தது.

இன்னொன்றும் உண்டு. இதை எழுதுவதற்காகக் கருவிப் பெட்டியைக் கிளறியபோது பேரன் அறுத்த அந்தப் பிளக் அடியில் கிடந்தது. வழவழவென்று அரம் போட்ட தடத்தோடு, யார் கையில் கிடைத்தாலும் மாட்டத் தயாராக. இரண்டு தகடுகளையும் குறட்டால் முறித்துப் போட்டேன்.